1946ல் அருளாயி மறுமணம் செய்யலாமா? தோட்டத்துக் கிறிஸ்தவக் காதல் கதை ஒன்றுக்கு உதவி தேவை

பகாவ் ரோசா:

வணக்கம். நான் மலேசியாவில், நெகிரி செம்பிலான் பகாவ்க்காரி. பிறந்து வளர்ந்தது பக்கத்துத் தோட்டத்தில். இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூடக் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனைதான்.

மூன்று வருடமாக ஒரு கதையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் தொடங்குகிற காதல் கதை, கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றியது. ஆங்கிலத்தில் இந்த மாதிரிக் கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்கப் புல்வெளி, குதிரை வண்டி, தொப்பி கட்டிய பெண், கையில் பைபிள். நம் தோட்டத்துக் கோயிலில் முக்காடு போட்டு முழந்தாளிட்ட பெண்ணுக்கும் ஒரு காதல் கதை இருக்கக் கூடாதா என்று உட்கார்ந்தேன்.

கதை இதுதான். 1943ல் சவரிமுத்துவைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடக் கொண்டுபோகிறார்கள். கல்யாணமாகி எட்டு மாதம். மூன்று மாத வேலை, அப்புறம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்கள். அவன் வரவில்லை. மனைவி அருளாயி, மாமியாரோடு அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) இருக்கிறாள். 1946ல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அந்தோணி என்று ஒரு டிரஸர் (மருந்து கட்டுகிற உதவியாளன்) வருகிறான். பேச்சு, பழக்கம், பிரியம். கடைசி அத்தியாயத்தில் கோயிலில் கல்யாணம். சுபம்.

முடித்துவிட்டுத் தம்பியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அக்கா, இதுல கிறிஸ்தவம் எங்க இருக்கு? சிலுவைய எடுத்துட்டு விபூதிய வச்சா இதே கதை மாரியம்மன் கோயில்ல முடிஞ்சிடும்" என்றான். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அப்புறம் யோசித்தால் அவன் சொன்னது சரி. நான் செய்ததெல்லாம் அத்தியாயத்துக்கு ஒரு வசனம் ஒட்டியதுதான். ஒரு துண்டு போடுகிறேன், தாராளமாகத் திட்டுங்கள்:

"அருளாயி வேதாகமத்தைத் திறந்து இருபத்து மூன்றாம் சங்கீதத்தை வாசித்தாள். 'ஸ்தோத்திரம் அப்பா' என்று கண்ணீர் விட்டாள். இரவு பத்து மணிக்குப் பால் வாளியோடு மரத்தடியில் அந்தோணியைச் சந்தித்தபோது அவள் முகத்தில் ஒரு சமாதானம் இருந்தது."

சூசைபாளையத்தான்:

தாராளமாகத் திட்டச் சொன்னதால் வருகிறேன். நமக்குப் பூர்வீகம் பாகான் செராய், சூசைபாளையம். தாத்தா உபதேசியாராக இருந்தவர்.

முதலில் நல்லது. பெயர் வைத்தது பிரமாதம். சவரிமுத்து என்றால் சவேரியார், ராயப்பன் என்றால் பேதுரு, சின்னப்பன் என்றால் பவுல், அருளப்பன் என்றால் யோவான். இந்தப் பெயர்களைப் பார்த்தாலே குடும்பம் கத்தோலிக்கம் என்று தெரிந்துவிடும். அங்கேதான் சிக்கலும். பெயர் கத்தோலிக்கம், பேச்சு பெந்தெகொஸ்தே!

அந்தக் காலத்துத் தோட்டத்துக் கத்தோலிக்க வீட்டில் வேதாகமத்தைத் திறந்து அதிகாரம், வசனம் தேடுகிற பழக்கம் கிடையாது. செபமாலை இருக்கும், ஒரு பழைய செபப் புத்தகம் இருக்கும், சுவரில் மாதா படம் இருக்கும். அவள் அழுதால் "சேசு மரி சூசை" என்று அழுவாள். கடவுளை "சர்வேசுரா" என்பாள். "ஸ்தோத்திரம் அப்பா" எல்லாம் ரொம்பப் பின்னால் வந்தது. பூசை முழுக்க இலத்தீனில். சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், சனங்களுக்கு அவர் முதுகுதான் தெரியும். என்ன சொல்கிறார் என்று யாருக்கும் புரியாது. பெண்கள் பாட்டுக்குச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். தமிழில் பூசை என்பது 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம். நன்மை (நற்கருணை) வாங்குவதென்றால் முந்தின நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. நடந்து வந்த பெண்கள் பூசையில் மயங்கி விழுந்த கதை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

ராத்திரி பத்து மணிப் பால் வாளியை நான் தொடவில்லை. அதற்கு ஆள் வருவார்.

ஒட்டுப்பால்:

வந்துட்டேன்.

ரோசாம்மா, ராத்திரி பத்து மணிக்குப் பால் வாளியோடு எந்தப் பெண்ணும் போகமாட்டாள், பேய்தான் போகும். விடியும் முன்னால் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. இருட்டோடு இருட்டாக மரம் வெட்ட, அதாவது பட்டையைச் சீவிப் பால் இறக்கப் போவார்கள், ஏனென்றால் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏறப் பால் நின்றுவிடும். வெட்டி முடித்து, மங்குக் கிண்ணத்தில் பால் சேரும்வரை கொஞ்சம் உட்காரலாம். பசியாறுவது, பேசுவது, ஊர்வம்பு எல்லாம் அந்த நேரத்தில்தான். அப்புறம் வாளி எடுத்துப் பால் சேர்த்து, காண்டா (தோளில் வைக்கும் காவடிக் கம்பு) போட்டு ஸ்டோருக்குத் தூக்க வேண்டும். உன் கதாநாயகியும் கதாநாயகனும் சந்திக்க வேண்டுமானால் வெட்டுக்கும் பால் எடுப்புக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில் சந்திக்கட்டும். பட்டப்பகல். சுற்றி நாற்பது பேர். அதில்தான் சுவாரஸ்யம்.

இன்னொன்று. ஜப்பான் காலத்தில் ரப்பர் வாங்க ஆள் இல்லை. வெட்டு நின்றுபோன தோட்டங்கள் ஏராளம். மரவள்ளி நட்டுச் சாப்பிட்டார்கள், துணி இல்லாமல் சாக்கு கட்டினார்கள். சவரிமுத்துவின் பால் வெட்டும் உளி 1943லிருந்து சும்மாதான் கிடந்திருக்கும். அதைக் கவனித்துக்கொள்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் உன் தம்பியிடம் சொல், மாரியம்மன் கோயிலில் இந்தக் கதை முடியாது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வரணும்.

கைப்பேசி வாசகி:

நான் இந்த வகை ஆங்கிலக் கதைகளை வெறித்தனமாகப் படிக்கிறவள். அம்மாவுக்குத் தெரிந்தும் திட்டாத ஒரே காதல் கதை இதுதான். முத்தம் கடைசிப் பக்கத்தில் வரும், அதற்கே முந்நூறு பக்கம் ஏங்க வேண்டும். அந்த ஏக்கம்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்கும் ஒரு எரிச்சல் உண்டு. நம்பிக்கையில்லாத கதாநாயகன் கடைசிக்கு இருபது பக்கம் இருக்கும்போது மனம் திரும்புவான். அவனுக்கு அவள் வேண்டும், கதைக்குக் கல்யாணம் வேண்டும், அதனால் அவனுக்கு ஆண்டவர் வேண்டும். ரோசா அக்கா, உங்கள் கதையில் அது இல்லை, நன்றி. ஆனால் ஏக்கமும் இல்லையே? அந்தோணி வந்தான், அவளுக்குப் பிடித்தது, கட்டிக்கொண்டார்கள். யார் தடுத்தது அவர்களை?

பகாவ் ரோசா:

மாமியார் தடுக்கிறாரே, ஏழாம் அத்தியாயத்தில்.

கைப்பேசி வாசகி:

எட்டாம் அத்தியாயத்தில் மனசு மாறிவிடுகிறார் என்று நினைக்கிறேன்.

பகாவ் ரோசா:

ஆமாம். 😅

சூசைபாளையத்தான்:

தங்கச்சி கேட்டதுதான் சரியான கேள்வி. யார் தடுத்தது? எனக்குத் தெரிந்து ஒரு ஆள் இருக்கிறார், ரோசா அவரைக் கதைக்குள் விடவே இல்லை. பங்குச் சாமியார். சரியாகச் சொன்னால் சாமியார்கூட இல்லை, அவர் அலமாரியில் இருக்கிற பதிவேடு.

கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் பதிவேட்டில் இரண்டு பெயரும் இரண்டு சாட்சியும் ஏறும். அதை முறிப்பது சாவு மட்டுந்தான். சரி, சவரிமுத்து செத்தானா? யாருக்குத் தெரியும்? அரசாங்கச் சட்டத்தில் ஏழு வருடம் தகவல் இல்லாவிட்டால் இறந்ததாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. கோயில் சட்டத்தில் அப்படி வருடக் கணக்கே கிடையாது. இருபது வருடம் ஆனாலும், ஆள் வரவில்லை என்பது மட்டும் போதாது. அவன் செத்தான் என்று மனசுக்கு நிச்சயம் வருகிற அளவுக்கு ஆதாரம் வேண்டும். 1917ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு அப்படித்தான் சொன்னது. அதற்கு முன்பே 1868ல் ரோமிலிருந்து இதற்கென்று ஒரு வழிகாட்டுதல் வந்திருக்கிறது. முதலில் ஏதாவது எழுத்து மூலமான சான்று. அது இல்லையென்றால் ஆளை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் அவர் எப்படிப்பட்டவர், இதில் அவருக்கு என்ன ஆதாயம் என்றெல்லாம் பார்ப்பார்கள். வதந்தி கடைசி.

இப்போது சயாமை நினைத்துப் பாருங்கள். சயாமின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது அவர்கள் அதிகாரிகள் ரகசியமாகக் கணக்கு எழுதி வைத்தார்கள். நம் ஆட்களுக்கு யார் எழுதியது? வாந்திபேதியில் போனவர்களை ஒரே குழியில் போட்டார்கள். பெயர் இல்லை, சிலுவை இல்லை, ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

ஆக, 1946ல் உங்கள் அருளாயி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. அந்தோணியைக் கட்டிக்கொள்ளக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லி அவள் போய் நின்றால் சாமியார் முதல் கேள்வியே "சாட்சி யார்?" என்றுதான் கேட்பார். கிறிஸ்தவம் எங்கே என்று தம்பி கேட்டாரே, அங்கே இருக்கிறது.

லூத்தரன் பேத்தி:

நாங்கள் லூத்தரன், எங்கள் வீட்டில் வசனம் தேடுவார்கள், நிறையவே. 😄

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு வழிகாட்டி என்று சொல்லப்படுகிற நாவல் ஒன்று உண்டு. கனடாக்காரர் ஜெனட் ஓக் எழுதி 1979ல் வந்தது. அதில் புருஷனைப் புதைத்த அன்றே ஒரு பெண் இன்னொருவரைக் கட்டிக்கொள்கிறாள். காதலால் இல்லை. ஊருக்கு வந்த போதகர் இப்போது போனால் அடுத்த வருடந்தான் வருவார், அதற்குள் குளிர்காலம் வந்துவிடும், அவளுக்குக் கூரை வேண்டும். எப்போதாவது வருகிற போதகரால் அங்கே கல்யாணம் நடக்கிறது. சூசை ஐயா சொல்வதைப் பார்த்தால் எப்போதாவது வருகிற சாமியாரால் இங்கே கல்யாணம் நிற்கிறது. அந்தப் புல்வெளிக் கதையை அப்படியே தூக்கி ரப்பர்க் காட்டில் வைத்தால் ஏன் ஒட்டவில்லை என்று இப்போது புரிகிறது.

அப்புறம் மாமியார். அவரை வில்லியாக்க வேண்டாம், ரோசா. ரூத்தின் புத்தகத்தைப் பாருங்கள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று கல்யாணப் பத்திரிகைகளில் அச்சடிக்கிறோமே, அதை மணமகள் மணமகனிடம் சொல்லவில்லை. விதவை மருமகள் மாமியாரிடம் சொன்னது! இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் ஊர் வருகிறார்கள், மருமகள் வயலில் சிந்திய கதிர் பொறுக்குகிறாள். போவாசுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. ஆனால் அவன் நேரே தாலி கட்டவில்லை. அவனைவிட நெருங்கிய உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான், அவன் விட்டுக்கொடுத்தால்தான் முடியும். ஊர் வாசலில் பத்து மூப்பரை உட்கார வைத்து, செருப்பைக் கழற்றிக் கொடுக்க வைத்து, சாட்சியோடு முடிக்கிறான். அதுவும் சட்டம் குறுக்கே நிற்கிற காதல் கதைதான். சிந்திய கதிருக்குப் பதிலாக, மரத்திலும் மங்கிலும் உறைந்து ஒட்டிக் கிடக்கிற ஒட்டுப்பால் பொறுக்கட்டும்.

ஒட்டுப்பால்:

என்னை ஏன் பொறுக்க வேண்டும்?

சரி, விளையாட்டு போதும். மாரியம்மன் கோயிலில் ஏன் முடியாது என்று சொல்கிறேன் என்றேனே. எங்கள் பெரியம்மாவின் முதல் புருஷனும் சயாமுக்குப் போனவர்தான். அவரோடு போன ஒருவர் 1945 கடைசியில் திரும்பி வந்தார். எலும்பும் தோலும், காலில் ஆறாத புண். வந்த மறுநாளே ஒவ்வொரு லயமாகப் போனாராம். யார் வீட்டு வாசலில் நிற்கிறாரோ அந்த வீட்டில் அழுகை. ஒன்றும் சொல்ல வேண்டாம், வந்து நின்றாலே போதும். சில வீட்டைத் தாண்டிப் போவார். தாண்டிப் போனால் "நான் பார்க்கவில்லை, தெரியாது" என்று அர்த்தம். அந்த வீட்டுப் பெண்கள் பின்னாலேயே ஓடி, "எங்க வீட்டுக்கும் வாங்கண்ணே" என்று கெஞ்சினார்களாம். செத்தான் என்றாவது சொல்லுங்கள் என்று.

பெரியம்மா வீட்டு வாசலிலும் அவர் வந்து நின்றார். தாலியைக் கழற்றினார்கள். மறு வருடமே ஊர்ப் பெரியவர்கள் பேசி, இன்னொருவரோடு சேர்த்து வைத்தார்கள். மஞ்சள் கயிறு, நாலு பேருக்குச் சாப்பாடு, முடிந்தது. அப்போதெல்லாம் எங்கள் கல்யாணத்துக்குப் பதிவு ஏது? எல்லோரும் பதிய வேண்டும் என்பது 1982ல் அல்லவா வந்தது. ஊர் ஒப்புக்கொண்டால் கல்யாணம். ஊர் ஒப்புக்கொண்டால் சாவும்.

அதே லயத்தில் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி இருந்தாளாம். அவள் வீட்டு வாசலிலும் அதே ஆள்தான் நின்றார். ஆனால் அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெரியம்மா சாகும்வரை சொல்வார், "எனக்கு ஒரு வாய் போதும்னு விட்டாங்க, அவளுக்கு ரெண்டு வாய் கேட்டாங்க."

பகாவ் ரோசா:

ஐயா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுதவே முடியவில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அருளாயி என் பாட்டியின் அக்கா. பெயர் வேறு. அவரும் காத்திருந்தவர்தான், 1981ல் இறக்கும்வரை. எந்தக் கோயில் என்று சொல்லப்போவதில்லை. பெரியபாட்டி ஒரு தடவை சாமியாரிடம் போய்க் கேட்டார் என்றும், திரும்பி வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்றும் என் பாட்டி சொல்வார். அதைக் கதையில் வைக்கத் தைரியமில்லாமல்தான் சுபமாக முடித்தேன்.

கடுப்பன்:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் ஒருவன் கேட்டுவிடுகிறேன். ஒரு பெண்ணை நாற்பது வருடம் காயப்போட்ட பதிவேட்டைக் கதையில் வைத்து அதற்கு "கிறிஸ்தவக் காதல்" என்று பெயர் சூட்டப்போகிறீர்களா? அவள் ஏன் அந்தோணியோடு கிளம்பிப் போகவில்லை? இது பக்திக் கதையா, பெண்ணடிமைக் கதையா? கோயில் வாசலில் இலவசமாகக் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நம் ஆட்களுக்குப் பிரசங்கம் வரும், கதை வராது.

சூசைபாளையத்தான்:

கடுப்பன் தம்பி, கடைசி வரியை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளும். தமிழில் முதல் நாவல் எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1879. மீதிக் கேள்விக்கு ரோசாதான் பதில் சொல்ல வேண்டும்.

பகாவ் ரோசா:

கடுப்பன், பதிவேட்டுக்கு நான் மாலை போடவில்லை. அவள் கிளம்பிப் போயிருக்கலாம். போனவர்களும் இருந்திருப்பார்கள். போனால் நன்மை வாங்க முடியாது, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்கும்போது தலை குனிய வேண்டும், செத்தால் சாமியார் செபித்து அடக்கம் செய்கிற மந்திரிப்பு உண்டா என்று தெரியாது. வெளியே நிற்பவருக்கு இது சின்ன விஷயம். அவளுக்கு அது ஒன்றுதான் சொத்து. வருடத்தில் ஒரு தடவை புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியோடு போவது, மாதத்தில் ஒரு பூசை, தோட்டத்தில் தலை நிமிர்ந்து நடக்கிற ஒரே மணி நேரம் அது. அதையும் விட்டுவிட்டு ஒரு ஆணோடு போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரு என்று சொல்லவும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவள் எப்படி நின்றாள் என்று எழுதத்தான் பார்க்கிறேன்.

கடுப்பன்:

சரி, இதை அப்படியே கதையில் வையுங்கள். சாமியாரைப் புனிதர் ஆக்கிவிடாதீர்கள்.

கிராணி வீட்டுப் பேரன்:

தாமதமாக வருகிறேன், ஆனால் பகாவ் என்றதும் ஒருவரும் இதைச் சொல்லாதது ஆச்சரியம். ரோசா அக்கா, உங்கள் ஊருக்கு ஆயரே வந்து குடியிருந்தார், தெரியுமா? 1943 கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கர்களை, முக்கால்வாசி யுரேசியர்களும் சீனர்களும், காட்டை வெட்டிப் பயிர் செய்யச் சொல்லிப் பகாவுக்கு அனுப்பினார்கள். ஜப்பான்காரன் அதற்குப் பூஜி கிராமம் என்று பெயர் வைத்தான். மலாக்கா ஆயர் அட்ரியன் தெவால்ஸ் அவர்களோடேயே வந்து மண்ணைக் கொத்தினார். பிரெஞ்சுக்காரர். அதனால் ஆங்கிலேயப் பாதிரிகளைப் போல் அவரைச் சிறையில் போடவில்லை. மலேரியா நூற்றுக்கணக்கில் வாரிக்கொண்டு போனது. 1945 ஜனவரியில் ஆயரும் காலில் பட்ட காயத்தால் இறந்தார்.

யோசித்துப் பாருங்கள். 1944ல் அருளாயியின் லயத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ஆயர். மற்றத் தோட்டத்துப் பெண்ணுக்குக் கிடைக்காத வாய்ப்பு. அப்போது போயிருந்தால் என்ன கேட்டிருப்பாள்? மறுமணம் பற்றிக் கேட்டிருக்க மாட்டாள், புருஷன் வருவானா என்றுதான் கேட்டிருப்பாள். கேட்க வேண்டிய கேள்வி அவளுக்கு 1946ல்தான் வருகிறது. அதற்குள் ஆயர் மண்ணுக்குள்.

இன்னொரு விஷயம். கெமாஸிலிருந்து கிளம்பி பகாவ் வழியாகக் கிழக்கே போகிறதே அந்த ரயில் பாதை, அதன் பெரும் பகுதித் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாமுக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆளும் போனான், தண்டவாளமும் போனது. தண்டவாளத்தைப் பிற்பாடு மறுபடி போட்டார்கள்.

கைப்பேசி வாசகி:

எனக்கு ஒன்று தோன்றுகிறது, தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஒட்டுப்பால் ஐயா சொன்னாரே, ஒவ்வொரு வாசலாக வந்து நின்றவர். அந்தோணி ஏன் டிரஸராக இருக்க வேண்டும்? அந்தோணியே அந்த ஆளாக இருந்தால்? சவரிமுத்து செத்ததைப் பார்த்த ஒரே ஆள் அவன். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுபவனும் அவன். சாட்சி சொன்னால் அவளுக்கு விடுதலை. ஆனால் அவன் சொன்னால் யார் நம்புவார்கள்?

லூத்தரன் பேத்தி:

ஐயோ. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

சூசைபாளையத்தான்:

தங்கச்சி, நீங்கள் ஆங்கிலக் கதை படித்தது வீண்போகவில்லை. ஆதாயம் உள்ள ஒற்றைச் சாட்சி. எந்தச் சாமியாரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அவன் அவளை விட்டு விலகினால்தான் அவன் சாட்சிக்கு மதிப்பு. அவளை விடுவிக்க வேண்டுமானால் அவன் அவளை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

காலத்துக்கு ஒரு குறிப்பு: 1946ல் சாம்பல் புதன் மார்ச் 6, உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 21. இடையில் வருகிற தபசு காலத்தில் ஆடம்பரக் கல்யாணம் கிடையாது. தோட்டத்தில் மரம் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்பதும் அதை ஒட்டித்தான். பால் குறைவு, சம்பளம் குறைவு, கோயிலில் சுரூபங்களுக்கு ஊதாத் துணி. எனக்குச் சின்ன வயதில் இரண்டும் ஒரே காரணத்தால் நடக்கிறது என்றே எண்ணம்.

பகாவ் ரோசா:

நாலு நாள் யாருக்கும் பதில் போடவில்லை, மன்னிக்கவும். டிரஸர் அந்தோணியைத் தூக்கிவிட்டேன். மாமியாருக்கு மனசு மாறுகிற எட்டாம் அத்தியாயமும் போச்சு. மாமியார்தான் இப்போது முதல் ஆளாக "என் மகன் செத்துட்டான் சாமி, எனக்குத் தெரியும்" என்கிறார். எப்படித் தெரியும் என்றால் கனவு என்கிறார். கனவைப் பதிவேட்டில் ஏற்ற முடியாதே. நேற்று ராத்திரி எழுதியது:

பெரட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் சாமியார் பதிவேட்டை விரித்தார். பாதிப் பக்கத்தைக் கறையான் அரித்திருந்தது. சவரிமுத்துவின் பெயர் முழுசாக இருந்தது. பக்கத்தில் அவளுடைய கைநாட்டு, மை அழுத்திப் பட்டு விரல் ரேகை கலங்கியிருந்தது. கல்யாணத்தன்று கை நடுங்கியது அவளுக்கு நினைவு வந்தது.

"செத்ததைப் பார்த்தது யார்?"

"நான் சாமி," என்றான் அந்தோணி. "வாந்திபேதி. நாந்தான் தூக்கிட்டுப் போனேன்."

"உன்னோடு வேறு யார்?"

"ரெண்டு பேர் இருந்தாங்க சாமி. அவங்களையும் நாந்தான் தூக்குனேன்."

சாமியார் வெகுநேரம் அவனைப் பார்த்தார். அப்புறம் அருளாயியைப் பார்த்தார். "இவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்திருப்பது யார்?"

அந்தோணி வாயைத் திறக்கவில்லை. வெளியே ரப்பர்க் காய் ஒன்று வெடித்துத் தகரக் கூரையில் விழுந்து உருண்டது.

கடுப்பன்:

சாமியார் பாவம் போலிருக்கிறது. நான் இதைச் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுப்பால்:

நன்றாக வந்திருக்கிறது ரோசாம்மா. ஆனால் இலை உதிர்கிற காலத்தில் காய் வெடிக்காது. காய் வெடிப்பது ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். இந்தக் காட்சி தபசு காலம் என்றால் காயை எடுத்துவிடு, சருகு போதும். மொட்டை மரத்துக்கு அடியில் முழங்கால் வரை சருகு கிடக்கும், யார் நடந்தாலும் ஊருக்கே கேட்கும். உன் காதலர்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

பகாவ் ரோசா:

நன்றி ஐயா, மாற்றிவிடுகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். சவரிமுத்துவின் உளியை அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். துரு ஏறாமல் இருக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் தீட்டி, துணியில் சுற்றி, மாதா படத்துக்குக் கீழே வைக்கிறாள். மூன்று வருடம் கழித்து அந்தோணி அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். அப்போதும் பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது என்று எழுதலாமா?

ஒட்டுப்பால்:

பளபளப்பாக இருக்கும். ஆனால் புதுசு மாதிரி இருக்காது. மூன்று வருடம் வாரா வாரம் தீட்டுக்கல்லில் தேய்த்தால் வாய் பாதியாகக் கரைந்திருக்கும். வெட்டுக்காரன் கையில் எடுத்தாலே எடை குறைந்தது தெரிந்துவிடும். அதை வைத்து இனி ஒரு மரத்தையும் வெட்ட முடியாது.